பேண்ட் மாஸ்டர்களைப் பள்ளிக்கு அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்த கச்சேரி பேண்டுக்குத் தனி மதிப்பு தேடித் தந்தவர் அமெரிக்க இசை நடத்துநர் ஃபிரெடரிக் ஃபென்னல் (1914–2004). ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே 1952-இல் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் என்ற காற்றுக் கருவிக் குழுவைத் தொடங்கினார். அதில் இசைக் குறிப்பின் ஒவ்வொரு தனிப் பகுதியையும் பெரும்பாலும் ஒருவர்தான் வாசிப்பார். பக்கத்தில் இருப்பவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் சுத்தமாக வாசித்தாக வேண்டும். என்ன அருமையான பயிற்சி!

கிருஷ்ணகிரி பக்கம் பல பள்ளிகளில் பேண்ட் என்றால் சுதந்திர தினமும் குடியரசு தினமும்தான். அப்புறம் டிரம்மும் ட்ரம்பெட்டும் பீரோவுக்குள் போய்விடும். வால்வு இறுகிப்போன ட்ரம்பெட்டைப் பிள்ளை எவ்வளவு ஊதினாலும் எல்லாச் சுரங்களும் வராது. ஆனால் கிளாரினெட்டின் ஊதுவாயில் பொருத்தும் மெல்லிய ரீடை நாக்கில் நனைத்து, முதல் ஊதலிலேயே சுருதி பிடிக்கும் பேண்ட் செட் கலைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்குக் கல்யாண வேலையும் கிடையாது. அவர்களைப் பகுதிநேரப் பயிற்சியாளர்களாக, மாதச் சம்பளத்துடன் பள்ளிகளில் அமர்த்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்