முக்கொம்பு முதல் கல்லணை வரை: பேருந்து நேரம் குறிப்போருக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி நகரப் பேருந்துகளின் தடமும் நேரமும் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

காவிரிக்கரையைச் சுற்றிக் காட்ட ஒரு குளிர்சாதனச் சொகுசுப் பேருந்து விடுங்கள் என்று யாராவது மனு கொடுத்தால், தயவுசெய்து ஓரமாக வையுங்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முக்கொம்புக்கும் வண்டி இருக்கிறது, கல்லணைக்கும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு 1-ஆம் நம்பர் வந்துகொண்டே இருக்கிறது. குறை வண்டியில் இல்லை. பஸ் நடைக்கும் கோயில் நடைக்கும் பொருத்தம் பார்க்காததுதான் குறை.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: பெயர் பெற்ற இடம் என்று காலையிலேயே கல்லணைக்குக் கிளம்புகிறார்கள். சாவகாசமாகப் பார்த்துவிட்டுத் திருவானைக்காவலில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், நடை சாத்தியிருக்கும். மூன்று மணி வரை என்ன செய்வது? மலைக்கோட்டை ஏறலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். மேலே வெட்டவெளிப் பாறையில் உச்சி வெயில். செருப்பில்லாத காலோடு உச்சிப் பிள்ளையாரிடம் போய்ச் சேருவதற்குள் பாதம் பொத்துவிடும். முக்கொம்புக்கு அதன் பிறகு தெம்பும் இருக்காது, நேரமும் இருக்காது.

இதையே ஆறு போகிற போக்கில் மாற்றிப் போட்டால் எல்லாம் சரியாக விழுகிறது. காலை 6 மணிக்குச் சத்திரத்திலிருந்து மேற்கே முக்கொம்பு, 18 கிலோமீட்டர். 8 மணிக்கு அங்கிருந்து திரும்பினால் வழியில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு 9.30-க்கு ஸ்ரீரங்கம். 11.30-க்கெல்லாம் திருவானைக்காவலில் இருந்துவிட வேண்டும். அங்கே உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாகவே சுவாமி சன்னதிக்குப் போய்ப் பூஜை செய்வதைப் பார்க்கலாம். பிறகு சாப்பாடு. நடை சாத்தியிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கல்லணைப் பேருந்து புறப்பட வேண்டும். நாங்கள் கேட்பதில் முதலாவது இதுதான்: பிற்பகல் 2 மணிக்குத் திருவானைக்காவலைத் தொடுகிற மாதிரி ஒரு நடை, கல்லணையிலிருந்து மாலை 5.45-க்குத் திரும்புகிற மாதிரி ஒரு நடை. புது வண்டி கேட்கவில்லை. இருக்கிற வண்டியின் நேரத்தை நகர்த்தினால் போதும்.

முக்கொம்பில் தொடங்கச் சொல்வது நேரத்துக்காக மட்டுமல்ல. அங்கே பார்த்தால்தான் கல்லணை புரியும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் முக்கொம்பு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போக, காவிரியின் வாய் மணல் மேடிட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதும் இந்தக் கொள்ளிடப் பக்கத்தில்தான். பிரிந்த இரண்டு ஆறும் ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிக்கொண்டு கல்லணைக்கு அருகே மறுபடி நெருங்கி வருகின்றன. அங்கே காவிரி தாழ்ந்த கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது கரிகாலன் பேர் சொல்லும் அணை. காலையில் பிரிவைப் பார்த்தவருக்கு மாலையில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தின் மேல் வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கடைசியில் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் என்று வரிசையாக வரும். ஐந்து மணிக்கு மேல் மேற்கே பார்த்து நின்றால், தேங்கிய தண்ணீரின் மேல் வெயில் சாய்வது தெரியும். அதற்காகத்தான் 5.45 என்கிறோம், ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

உட்காரும் இடத்திலும் விஷயம் இருக்கிறது. கரூர் சாலை தென்கரையில் போகிறது. ஆகவே முக்கொம்புக்குப் போகும்போது ஆறு வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். நம் டவுன் பஸ்ஸில் பெண்கள் வழக்கமாக இடப்பக்கம் உட்காருவதால், போகும்போது ஆண்களுக்கு ஆறு, வரும்போது பெண்களுக்கு ஆறு. பங்கு சரியாகத்தான் இருக்கிறது! திருவானைக்காவலிலிருந்து திருவளர்சோலை, உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போகும் தீவுச் சாலையில் வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோட்டம். கல்லணைக்குத் தென்கரையில் சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகவும் சாலை உண்டு. வண்டியின் முகப்பில் 'கல்லணை' என்று மட்டும் எழுதினால் புதிதாக வருகிறவர் எந்தக் கரையில் போகிறோம் என்று தெரியாமலே ஏறுவார். 'வழி' என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

கட்டணத்திலும் ஒரு குழப்பம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முக்கொம்பு நிறுத்தத்தில் கை காட்டினால் முதலில் வந்து நிற்பது கரூரிலிருந்து வரும் வெளியூர் வண்டியாகவும் இருக்கலாம்; அதில் எல்லோருக்கும் கட்டணம் உண்டு. ஏறிய பிறகு கண்டக்டரோடு வாக்குவாதம், பிறகு சில்லறைத் தகராறு. நிறுத்தத்தில் எழுதி வைத்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அந்தப் பலகையில் மாதமும் வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பிப்ரவரி முதல் மே வரை வருகிறவர் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பார். கொள்ளிடத்துக்கோ உபரி வந்தால்தான் தண்ணீர். அது வறண்டு கிடப்பதைப் பார்த்து 'காவிரியே காய்ந்துவிட்டது' என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஆடிப் பதினெட்டு அன்று இந்தத் திட்டமே செல்லாது. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கூட்டத்தில் வண்டி நகராது என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, குளிப்பவர்கள். மதகுக்குக் கீழே தண்ணீரின் மேல்பரப்பில் தெரிவது நுரை மட்டுமே. விழுந்த தண்ணீர் தளத்தில் மோதி எழும்பி மறுபடி மதகுப் பக்கமே சுருண்டு வரும். நன்றாக நீந்துகிறவரையும் அது வெளியே விடாது. சற்றுத் தள்ளிப் போனால் மணல் போன குழிகள்: முழங்கால் அளவில் நிற்பவருக்கு அடுத்த அடியில் ஆள் ஆழம். 'இங்கே குளிக்காதீர்கள்' என்ற பலகை அணையில் இருந்தாலும், துண்டோடு இறங்கிவிட்டவர் அதைப் படிப்பதில்லை. வண்டி நிற்கும்போதே கண்டக்டர் சொன்னால் காதில் விழும். இரண்டே வாக்கியம் போதும்: "மதகுக்குக் கீழே இறங்காதீங்க. திரும்ப வண்டி 5.45, அதை விட்டா அடுத்தது எத்தனை மணிக்குன்னு பலகையில பாருங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவாவது கல்லணை நிறுத்தத்தில் ஒரு பலகை வையுங்கள். இருட்டினாலும் படிக்கிற மாதிரி, விளக்குக்குக் கீழே.

இப்படிக்கு,
சத்திரம்–கல்லணைத் தடத்தில் டவுன் பஸ்ஸில் போய்வருவோர்