நிர்வாகக் குழுவுக்குப் பெயர் சொல்லுமுன்

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு வழிகாட்டும் நம் அமைப்பின் வரும் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவுக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். இப்போது இருப்பவர்களில் நான்கு பேர் ஐ.டி., ஒருவர் வங்கி, இன்னொருவர் கட்டடப் பொறியாளர். எல்லோரும் மனமுவந்து உழைப்பவர்கள்தான். ஆனால் பிள்ளைகளோடு தினமும் பழகும் தொழிலில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை.

போன வருடம் நம் வழிகாட்டி அக்கா ஒருவர், தன் மாணவி அழுதுகொண்டே சொன்ன விஷயத்தை யாரிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தார். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். அதை உடனே எடுத்துச்சொல்ல ஒரு வக்கீலோ சமூகப் பணியாளரோ நம்மிடம் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

பெரியவர்கள் அண்ணன்போல் இருந்து சிறுவர்களுக்கு வழிகாட்டும் பிக் பிரதர்ஸ் இயக்கத்துக்கு 1904இல் நியூயார்க்கில் வித்திட்ட எர்னஸ்ட் கூல்டர், சிறார் நீதிமன்ற எழுத்தர். கூண்டேறி வந்த சிறுவர்களைத் தினமும் பார்த்தவர். அந்தப் பார்வை நம் குழுவுக்கும் வேண்டும்.

அதனால் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், மனநல ஆலோசகர், ஐ.டி.ஐ. பயிற்றுநர் என்று யோசியுங்கள். நன்கொடை வரிச்சலுகைக் கணக்கைப் பார்க்க ஆடிட்டர் ஒருவரும் தேவை. அப்புறம், நம்மிடமே படித்து இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் மறக்காதீர்கள்.

சம்மதம் கேட்டுவிட்டு, ஞாயிறு மாலைக்குள் பெயரையும் தொழிலையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

– செயலாளர்