ஏழாவது சுற்றில் நின்றுபோன பனிப்போர்

பனிப்போர் பலகை விளையாட்டுச் சாம்பியன் போட்டியின் அமைப்பாளர்களுக்கும் விதிக்குழுவினருக்கும்,

வணக்கம்.

இந்த முறை இறுதி ஆட்டம் ஏழாவது சுற்றோடு நிறுத்தப்பட்டது. நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அப்போது ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்த சோவியத் தரப்பு ஆட்டக்காரரைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். நடுவர்மீது எனக்கு வருத்தமில்லை. விதிப்புத்தகத்தில் இருப்பதைத்தான் அவர் செய்தார். வென்றவரும் கெட்டிக்காரர்தான். ‘நேரம் முடிந்தால் புள்ளியில் முந்தியவரே வென்றவர்’ என்ற அந்த ஒற்றை வரியை எழுதியவர்களோடுதான் என் வழக்கு.

ஆனந்த குப்தாவும் ஜேசன் மேத்யூஸும் உருவாக்கி 2005-இல் வெளிவந்த ‘ட்வைலைட் ஸ்ட்ரகிள்’ என்ற இந்த விளையாட்டு, ஒருவருக்கு அமெரிக்கா, மற்றவருக்குச் சோவியத் என்று இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, 1945 முதல் 1989 வரையிலான பனிப்போரைப் பத்துச் சுற்றுகளில் ஆட வைக்கிறது. அந்தப் பத்துச் சுற்றுகளும் ஒரே சாய்வில் ஓடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சோவியத்துதான் முதலில் நகர்கிறது. முதல் மூன்று சுற்றுகளின் சீட்டுக்கட்டில் ஃபிடல், சூயஸ் நெருக்கடி, காலனி நீக்கம் என்று அதற்குச் சாதகமானவை நிறைய. அமெரிக்கத் தரப்பை எடுத்தவர் அந்தக் காலம் முழுக்க அடி வாங்கிக்கொண்டு, இருபது புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவருடைய காலம் பிறகு வரும். எட்டாவது சுற்றின் தொடக்கத்தில் பிற்காலச் சீட்டுகள் கட்டில் கலக்கப்படுகின்றன. பெர்லின் சுவரை இடிக்கச் சொல்லும் சீட்டு, செர்னோபில், நட்சத்திரப் போர்த் திட்டம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பத்தாவது சுற்று முடிந்ததும் இறுதிக் கணக்கெடுப்பு நடக்கும். ஒரு பகுதிக்குப் புள்ளி வழங்கச் செய்யும் கணக்கெடுப்புச் சீட்டுகளில் கையில் எது வந்தது, எது வரவில்லை என்ற அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டு, ஐரோப்பா முதல் தென் அமெரிக்கா வரை எல்லாப் பகுதிகளுக்கும் அப்போது புள்ளி வழங்கப்படுகிறது.

நீங்கள் ஆட்டத்தை நிறுத்தியபோது பிற்காலச் சீட்டுகள் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. அமெரிக்கத் தரப்பினர் பல சுற்றுகளாக ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் காய்களை வைத்துக் கட்டிய செல்வாக்குக்குப் பலகையில் இன்னும் ஒரு புள்ளிகூட விழவில்லை. அவர் மோசமாக ஆடியதால் பின்தங்கியிருந்தார் என்று யாராவது சொன்னால், நடுக்கட்டத்தில் அவர், ஆடியதும் எதிராளி கைக்கு மாறிவிடும் சீன அட்டையைக் கைப்பற்றி வைத்திருந்த விதத்தை அவர்கள் கவனிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இந்தச் சாய்வு ஆட்டக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தானே தரப்புக்கு ஏலம் விடுகிறீர்கள்? சோவியத்தை விரும்புகிறவர், அமெரிக்காவுக்கு இத்தனை செல்வாக்குக் காய்கள் கூடுதலாகத் தருகிறேன் என்று கேட்க வேண்டும். இறுதி ஆட்டத்தில் இரண்டு காய்களுக்கு ஏலம் முடிந்தது. அது பத்துச் சுற்று ஆட்டத்துக்குப் பேசிய விலை. ஏழு சுற்று என்று முன்பே தெரிந்திருந்தால் இரண்டு காய்களுக்கு யார் அமெரிக்காவை ஏற்றுக்கொண்டிருப்பார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்டத்தை இடையில் முடிக்க விளையாட்டின் உள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ‘வார் கேம்ஸ்’ என்ற சீட்டு. அணுப்போர் அபாயத்தைக் காட்டும் டெஃப்கான் அளவு இரண்டில் இருந்தால் மட்டுமே அதில் எழுதியிருக்கும் நிகழ்வை இயக்கலாம். இயக்குபவர் எதிராளிக்கு ஆறு புள்ளிகளைத் தர வேண்டும். அதற்குப் பிறகும் முன்னிலை எஞ்சினால் வெற்றி. ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்த நம் சாம்பியன் தன் கையாலேயே அந்தச் சீட்டைப் போட்டு ஆட்டத்தை முடித்திருந்தால், ஒரு புள்ளியில் தோற்றிருப்பார். வடிவமைப்பாளர்கள் ஆறு புள்ளி விலை வைத்து விற்ற பொருளை உங்கள் விதி இலவசமாகக் கொடுத்துவிட்டது. சீக்கிரம் முடிவதில் முன்னிலைக்காரருக்கு லாபம் என்றால், மெதுவாக ஆடுவதிலும் அவருக்கு லாபம். இந்த இறுதி ஆட்டத்தில் யாரும் வேண்டுமென்றே நேரம் கடத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை யாராவது அதைச் செய்தால், உங்கள் விதியைக் கொண்டு அவரைத் தடுக்க முடியாது.

மருந்து புதிதல்ல. 1883-இல் லண்டன் சதுரங்கப் போட்டியிலேயே இரட்டைக் கடிகாரம் வந்துவிட்டது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கொடுங்கள்; தீர்த்தவர் தோற்கட்டும். சதுரங்கம்போல இங்கே நகர்வுகள் ஒழுங்காக மாறி மாறி வருவதில்லை என்ற சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். சுற்றின் தொடக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ரகசியமாகத் தலைப்புச் சீட்டு, அதாவது அந்தச் சுற்றில் முதலில் நடக்கும் நிகழ்வுக்கான சீட்டு, தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் போடும் சீட்டு எதிராளியுடையதாக இருந்தால் நிகழ்வில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் எதிராளி. தலைப்புச் சீட்டுக்குத் தனியாகச் சில நிமிடங்கள் ஒதுக்கலாம். மற்ற நேரங்களில் முடிவு யார் கையில் இருக்கிறதோ அவர் கடிகாரம் ஓடட்டும். முதல் சில ஆட்டங்களில் கடிகாரத்தைத் தட்ட மறப்பார்கள், நடுவருக்கு எரிச்சல் வரும். பிறகு பழகிவிடும். கூடவே, அரையிறுதி முடிந்த கையோடு களைத்துப்போன இருவரை மாலையில் உட்கார வைக்காமல், இறுதி ஆட்டத்தை மறுநாள் காலையில் தொடங்குங்கள்.

அடுத்த போட்டிக்கான விதிகளை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரியை அடித்துவிடுங்கள். அடிக்க மனமில்லை என்றால், ஆட்டம் ஏழு சுற்றுதான் என்று ஏலத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அமெரிக்காவை ஏற்க எத்தனை காய் கேட்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அடுத்த ஆண்டும் பெயர் கொடுக்கவிருக்கும் ஓர் ஆட்டக்காரன்