வெருளியின் கண்: மருமகளுக்கு ஒரு கடிதம்

கோண்டாவில்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீர் அனுப்பிய நான்கு கட்டப் படக்கதை கிடைத்தது. சேவலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறும் அந்த ஆச்சியைப் பார்த்து நானும் மாமியும் நன்றாகச் சிரித்தோம். ஆனால் அதனுடன் நீர் எழுதியிருந்த நாலு வரி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சித்திரம் படிப்பிக்கும் ஒருவர் உம்முடைய படங்களைப் பார்த்துவிட்டு, “மனிசருக்குக் கண் இவ்வளவு பெரிசாய் இருக்குமோ? இதெல்லாம் ஜப்பான் பொம்மைப் பழக்கம்” என்று சொன்னதாகவும், அன்றிலிருந்து எல்லாக் கண்களையும் சிறிதாக்கிக் கீறிப் பார்ப்பதாகவும், அப்படிக் கீறினால் பகிடி செத்துப்போவதாகவும் எழுதியிருந்தீர். அவர் சொன்னது சரியில்லை. ஆனால் உம்முடைய படத்திலும் ஒரு குறை இருக்கிறது, அது அவர் காட்டிய குறையன்று. படம் கீறும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் மிளகாய்த் தோட்டத்து வெருளிக்கு, அதாவது பறவைகளை விரட்ட நிறுத்தும் பொம்மைக்கு, முகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஓட்டை விழுந்த பழைய சோற்றுப் பானை. அடுப்பில் இருந்து இருந்து அடிப்பக்கம் கன்னங்கரேலென்று கரியேறியிருந்தது. ஐயா ஒரு சிரட்டையில் சுண்ணாம்பு குழைத்துத் தந்தார். ஒவ்வொன்றும் ஒரு தேங்காயளவில் இரண்டு வெள்ளை வட்டங்களைப் போட்டு, காயவிட்டு, நடுவில் கரியால் பொட்டு வைக்கத் தொடங்கினேன். இடது கண் சரியாக வந்துவிட்டது. வலது கண்ணுக்கு வரும்போது பானை வயிற்றின் வளைவில் கை வழுக்கி, பொட்டு மூக்குப் பக்கமாக ஒரு விரல் அகலம் சறுக்கிவிட்டது. அழித்தால் வெள்ளையும் சேர்ந்து போகும் என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலை கிணற்றடிக்கு வந்த சனமெல்லாம் வெருளியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஐயா ஏசவில்லை. ஈரத்துணியால் அந்த ஒரு கண்ணைத் துடைத்து, திரும்பச் சுண்ணாம்பு பூசி, பொட்டை நட்டநடுவில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது, பக்கத்துத் தோட்டத்துச் சின்னப் பெடியன் அந்த வரம்பால் வர மறுத்தான். பானையும் மாறவில்லை, வட்டத்தின் அளவும் மாறவில்லை. மாறியது பொட்டு நின்ற இடம் மட்டுந்தான்.

இதன் காரணம் வெகுகாலத்தின் பின்பே எனக்கு விளங்கியது. வளர்ந்த ஒருவரின் கண்ணுருண்டை ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் குறுக்களவு கொண்டது. பயந்தாலும் சரி, கோபித்தாலும் சரி, அது ஒரு நூலளவுகூடப் பெருப்பதில்லை; அசைவது இமைதான். சும்மா இருக்கும்போது மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மூடியிருக்கும். திடுக்கிட்டவுடன் அது மேலேறி, கருவிழிக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்றுத் தெரிகிறது. அந்தக் கீற்றைக் கண்டுதான் ‘கண் பெருத்துவிட்டது’ என்கிறோம். நம்முடைய பேச்சு இதை முன்னமே அறிந்து வைத்திருக்கிறது: முழுசிப் பார்த்தான், திருதிருவென்று விழித்தான், பேந்தப் பேந்த முழித்தான், கண்ணை உருட்டினான், திருட்டுமுழி முழித்தான். இவற்றுள் எந்தச் சொல்லும் கண்ணின் அளவைச் சொல்லவில்லை. கருவிழி எங்கே ஓடுகிறது, இமை என்ன செய்கிறது என்பதையே ஒவ்வொன்றும் சொல்கிறது.

நீர் சின்ன வயதில் பரதம் பழகியபோது அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலின் எட்டுக் கண்பேதங்களைத் திண்ணையில் இருந்து பாடமாக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், நிமீலிதம், உல்லோகிதம், அநுவிருத்தம், அவலோகிதம். நேரே பார்ப்பது, கடைக்கண்ணால் பார்ப்பது, பக்கத்துக்குப் பக்கம் பார்ப்பது, மேலே பார்ப்பது, கீழே பார்ப்பது என்று பெரும்பாலும் திசைகள்தான். விரித்த கண்ணைச் சுழற்றுவது ஆலோகிதம் ஒன்றே. குயவனின் சக்கரம் சுழல்வதைக் காட்ட அதைப் பயன்படுத்தச் சொல்கிறது நூல். அங்கேயும் கண் விரிவது சுழல்வதற்காகத்தான். (என் வெருளிப் பானையும் அந்தச் சக்கரத்தில் இருந்து வந்தது என்பதை நினைத்து நான் சிரிப்பதுண்டு.)

கந்தசஷ்டி வருகிறது, சூரன்போர் பார்க்கப் போவீர். அதற்கு முதல்நாள் கோயிலுக்குப் போய், மூலையில் சாத்தி வைத்திருக்கும் சூரனின் தலையை ஒருமுறை பாரும். புடைத்த கண், சிவந்த ஓரம், சுற்றிவர வெள்ளை. எல்லாம் இருக்கும், ஆனால் அது மரம். மறுநாள் காவுபவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடி, சட்டென்று நின்று, இடமும் வலமுமாகத் திருப்பி, பின்னே வாங்கி, திரும்பவும் பாயும்போதுதான் அந்தக் கண் பார்க்கத் தொடங்குகிறது. மரக்கண்ணின் கருவிழியை அசைக்க வழியில்லாதபடியால் முழுச் சூரனையுமே அசைக்கிறார்கள். தகப்பனின் தோளில் இருக்கும் பிள்ளை சூரன் தன் பக்கம் திரும்பும்போது வீரிட்டு அழும், மற்றப் பக்கம் திரும்பியவுடன் கைகொட்டிச் சிரிக்கும். பயமும் பகிடியும் இவ்வளவு கிட்டக்கிட்ட இருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

நகைச்சுவை நடிகர்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 1941இல் வந்த ‘சபாபதி’ படத்தில் நடித்த ரி. ஆர். இராமச்சந்திரனுக்குப் பிறப்பிலேயே பெரிய கண். என் அப்பு அவரைப்போல முழித்துக் காட்டிக் கலியாண வீடுகளில் பெயரெடுத்தவர். கண்ணை உருட்டுவதற்கு முதல் முகத்தில் மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அப்புவின் பாடம். வாயும் புருவமும் கையும் சேர்ந்து ஆடினால் கண்ணை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆங்கில நடிகர் மார்ட்டி ஃபெல்ட்மன் (1934–1982) வேறொரு வகை. தைரொயிட் சுரப்பியோடு தொடர்புடைய கிரேவ்ஸ் நோயினால் அவருடைய கண்கள் வெளியே தள்ளி, ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் பார்த்தன. அவரைக் கண்டு சனம் சிரித்ததற்குக் கண்ணின் பருமன் மட்டும் காரணமன்று. இவர் யாரைப் பார்க்கிறார் என்று எதிரில் நிற்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தன் நோயைத் தானே பகிடியாக்கியது அவருடைய துணிச்சல். அதைக் காட்டி ஊரில் உள்ள மாறுகண்காரரைக் கீறலாம் என்று நீர் எண்ணமாட்டீர் என்பது எனக்குத் தெரியும்.

ஜப்பான் பொம்மை என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லவேண்டும். ஜப்பானியப் படக்கதைகளின் பெருங்கண்ணுக்கு வழிவகுத்தவர் ஒசாமு தெசுக்கா (1928–1989). அவர் விரும்பிப் பார்த்தவை டிஸ்னியின் அமெரிக்கக் கார்ட்டூன்கள். ஆகவே அந்தக் கண் அமெரிக்காவில் இருந்து கடல் கடந்து ஜப்பானுக்கு வந்த கண். அந்த நாட்டின் பழைய கண்ணைப் பார்க்க வேண்டுமானால் ஷராக்கு என்ற ஓவியர் 1794ஆம், 1795ஆம் ஆண்டுகளில் செய்த, கபுக்கி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் படங்களைத் தேடிப் பாரும். அவற்றில் மிகப் பேர்பெற்ற படத்தில் கண்கள் சின்னஞ்சிறியவை. ஆனால் இரண்டு கருவிழிகளும் மூக்கை நோக்கி இழுபட்டிருக்கும். கபுக்கி மேடையில் நாயகன் உச்சக்கட்டத்தில் சிலைபோல நின்று ஒரு கண்ணை மூக்குப் பக்கம் திருப்பினால் சபை ஆரவாரிக்கும். அது அங்கே வீரம். கோண்டாவிலில் என் வெருளி அதையே செய்தபோது பகிடி. ஹொலிவுட்டில் கார்ட்டூன் படங்கள் இயக்கிய ரெக்ஸ் ஏவரி 1940களில் தன் ஓநாய்க்குக் கண்ணை முகத்துக்கு வெளியே பாயவிட்டார். அந்தக் கண் உடனேயே உள்ளே போய்விடுவதைக் கவனியும். வெளியிலேயே நின்றிருந்தால் நாம் இரண்டாம் முறை சிரிக்கமாட்டோம்.

இனி உம்முடைய படத்துக்கு வருகிறேன். முதலாம் கட்டத்திலேயே, பஸ் இன்னும் வரவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் ஆச்சிக்கும் நடத்துநருக்கும் சனத்துக்கும் வெள்ளை தெரிய முழுக்கண் திறந்திருக்கிறது. நாலாம் கட்டத்தில் பைக்குள் இருந்து சேவல் கூவும்போது திறப்பதற்கு அவர்களிடம் மிச்சமாகக் கண் இல்லை. கண்ணைச் சிறிதாக்க வேண்டாம். வட்டத்தின் அளவு அப்படியே இருக்கட்டும். முதல் மூன்று கட்டங்களிலும் மேலிமையைக் கருவிழியின் மேல் இறக்கிவிடும். மூன்றாம் கட்டத்தில் ஆச்சியின் கருவிழி மட்டும் ஒருமுறை பையின் பக்கம் சரியட்டும், தலை திரும்பவே கூடாது. நாலாம் கட்டத்தில் நடத்துநர், சாரதி, பின்சீற்றில் தூங்கி எழுந்தவர், மடியில் இருக்கும் குழந்தை என்று பஸ் முழுவதும் இமை பிய்ந்துபோகும் அளவுக்கு ஆச்சியை முழுசட்டும். ஆச்சி மாத்திரம் அரைக்கண் மூடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

திருத்தியதை அனுப்பும்போது அழித்த கோடுகளும் தெரியும்படி அனுப்பும். மாமி உம்மைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

இங்ஙனம்,
அன்பு மாமா