மணல் போட்டால் அணையாது

அன்பு மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

பங்குனியில் ஆபீஸ் பிள்ளைகளோடு வந்து, நம் கரையில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி மீன் சுட்டுச் சாப்பிட்டு ராத்தங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். வா அய்யா. ஆனால் நெருப்பு விஷயத்தைப் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு நாலு வயதில் கால் வெந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். முதல் நாள் ராத்திரி யாரோ வெளியூர்க்காரர்கள் கரையில் விறகு எரித்துவிட்டு, அணைப்பதாக நினைத்து மணலை அள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியற்காலையில் என் பின்னால் ஓடி வந்த பிள்ளை அதை மிதித்துவிட்டாள். மேலே வெறும் மணல்தான், புகைகூட இல்லை. நான் பதறிப்போய்ப் பேனா மையை ஊற்றினேன். சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் கால் கழுவும்போது அந்தத் தழும்பு இன்றைக்கும் என் கண்ணில் படுகிறது.

கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருக்கிறாய். கருவேல விறகை அடுக்கித் தீ வைத்து, மேலே மண்ணைப் பூசி மூடுவார்கள். தீ அணைவதற்கா? நாள்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கத்தானே! மணலும் அப்படித்தான், சூட்டை வெளியே விடாது. கங்குக்குத் தண்ணீர்தான். ஊற்று, குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று. புறங்கையைப் பக்கத்தில் காட்டிப் பார், சூடு தெரிந்தால் இன்னொரு குடம்.

அதுவும் நீ வருவது ஆமைக் காலம். பங்குனி ஆமை என்றே அதற்குப் பெயர். தை, மாசியில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைபோல இட்டு மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வனத்துறை ஆட்கள் ராத்திரியெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். எல்லாக் குழியும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அப்படி ஒரு குழிக்கு மேல் நீ விறகு அடுக்கிவிட்டால்?

குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் போகும். இருட்டில் கடல்தான் வெளுப்பாகத் தெரியும், அதைப் பார்த்து இறங்கிவிடும். கரையில் நெருப்பு எரிந்தால் அதை நோக்கி வரும். வழி தப்பிய குஞ்சுகளைக் கையில் ஏந்திக் கடலில் விட்டிருக்கிறேன். காக்காய் கொத்திப்போட்டதையும் பொறுக்கியிருக்கிறேன்.

அதனால் கரையில் நெருப்பே வேண்டாம். நம் கொல்லையில் இரும்புச் சட்டியில் கங்கு போட்டு மீன் சுடுவோம். சாப்பிட்டுவிட்டுப் போய் அலையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டிக்கொள்ளுங்கள். கூடாரத்தை வலை பின்னும் கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் போடு. அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டில் முளை அடிக்காதே, மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். சவுக்குத் தோப்புக்குள் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. சுனாமிக்குப் பிறகு வைத்து வளர்த்த மரங்கள். அடியில் கணுக்கால் வரை சருகு கிடக்கிறது, கொண்டல் காற்று அடிக்கும் நேரத்தில் ஒரு பொறி போதும்.

ஊர்ப் பஞ்சாயத்தில் நானே சொல்லி வைக்கிறேன். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் வந்தால் மீன் நன்றாகக் கிடைக்கும். எத்தனை பேர் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்பா