அடிவாங்கியவர்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜனாதிபதி அவர்களுக்கு,

அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகக் கோரி 2022இல் நடந்த அரகலயப் போராட்டத்தின் நடுவே, மே 9 வன்முறையில் சொத்துகளை இழந்த அரசியல்வாதிகள் 43 பேருக்கு 122 கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு போயிருக்கிறது. பாராளுமன்றத்தில் பெயர் விவரத்தோடு அதை வெளியிட்டது உங்கள் அரசாங்கம்தான். அதே நாள் பகலில் பிரதமரின் இல்லமான அலரி மாளிகைப் பக்கமிருந்து திரண்டு வந்த அரசாங்க ஆதரவாளர்களிடம் காலிமுகத்திடலில் அடிவாங்கிய போராட்டக்காரர்கள், ஜூலை 22 விடியுமுன் இராணுவம் அங்கிருந்த போராட்டக் கூடாரங்களைப் பிடுங்கியபோது காயப்பட்டவர்கள், ரம்புக்கனையில் பொலிஸாரால் சுடப்பட்டவர்கள் ஆகியோருக்கும் அப்படியொரு பட்டியலைத் தயாரியுங்கள் என்று கேட்கவே வெள்ளவத்தையிலிருந்து இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது தருமப் பணம் அல்ல. 2022 ஜூலை 17இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலநிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றமே 2025இல் தீர்ப்பளித்துவிட்டது. தவறு அரசினுடையது என்றால் ஈடுசெய்யும் கடமையும் அரசினுடையதுதான். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த இழப்பீட்டுக்கான அலுவலகமும் கொழும்பிலேயே இருக்கிறது.

தென்கொரியா, இராணுவ ஆட்சிக்கு எதிரான 1980 குவாங்ஜு எழுச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990இல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. 2000இல் இயற்றிய இன்னொரு சட்டத்தில் பணத்தோடு நிற்காமல், போராடியவர்களின் குற்றப்பதிவை நீக்கவும் இழந்த வேலையை மீட்டுக்கொடுக்கவும் வழி வைத்தது. நம் பிள்ளைகளுக்கும் முதலில் வேண்டியது அதுதான். வழக்குத் தவணைக்கு அலைந்தே தொழிலை விட்டவர்களுக்குக் காசோலையைவிடப் பெயர் சுத்தமாவது பெரிது.

ஆனால் அந்தச் சட்டங்களில் ஒரு பொல்லாத விதியும் இருந்தது: இழப்பீட்டை ஏற்றுக்கொண்டால் அதற்கு மேல் அரசுமீது வழக்குப் போட முடியாது. மன உளைச்சலுக்கான வழக்கையும் அது தடுத்தது செல்லாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இலும் 2021இலும் சொன்னது. எங்களுக்கு இது புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரப் பந்தல்களில் இருந்துகொண்டு அரசின் பணத்தை மறுத்தது, காசை வாங்கினால் பிள்ளை எங்கே என்ற கேள்வி அடங்கிவிடும் என்பதால்தான். ஆகவே உங்கள் திட்டத்தில் அப்படியொரு கையொப்பம் கேட்காதீர்கள்.

அரச வேலையில் ஒதுக்கீடும் வேண்டாம். பங்களாதேஷில் விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கான 30 சதவீத ஒதுக்கீடுதான் 2024இல் மாணவர்களைத் தெருவுக்கு இழுத்தது.

2022 மே 18இல் அதே காலிமுகத்திடலில், இறுதிப் போரில் இறந்தவர்களின் நினைவாகக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிங்கள இளைஞர்கள் எங்களோடு பகிர்ந்து குடித்தார்கள். ஆகவே தமிழிலும் விண்ணப்பப் படிவத்தை அச்சிடுங்கள். வைத்தியசாலைத் துண்டு தொலைந்தவர்களிடம் நேரில் கண்டவரின் சத்தியக்கடதாசியை ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசித் தேதியை அவசரமாகக் குறிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்