கம்பை யார் வாங்குவது?

தமிழ்நாடு அரசின் வேளாண் துறைக்கும் உணவுத் துறைக்கும் வணக்கம்.

நான் விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி. கிணறு கிடையாது, வானம் பார்த்த கரிசல். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசிக்கு முன்னால் சிறுதானியம் போடச் சொல்லிக் கூட்டம் நடக்கிறது, மானிய விதையும் கிடைக்கிறது. சந்தோஷம். ஆனால் கம்பு வளர்ப்பது எங்களுக்குச் சிக்கலே இல்லை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால், தேன் ஒழுகல் நோய் பிடித்தது மேலே மிதக்கும். அதை வழித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்தி விதைப்போம். அப்புறம் மழை இடையில் இழுத்தடித்தாலும், மக்காச்சோளம் சுருண்டுவிடுகிற வறட்சியில் கம்பு நிற்கும். மூன்று மாதத்தில் கதிர் அறுக்கலாம். அறுத்த தட்டை மாட்டுக்குத் தீவனம். கதிர் பால் பிடிக்கும்போது குருவி விரட்டுவதுதான் பெரும்பாடு. (பரண் ஏறித் தகரம் தட்ட இப்போது எந்தப் பிள்ளையும் வருவதில்லை, நானேதான் தட்டுகிறேன்.)

சிக்கல் களத்துக்கு வந்த பிறகுதான். போன முறை மூட்டை பிடித்து வைத்துவிட்டு ஒரு வியாபாரிக்குப் போன் போட்டேன். "பத்து மூட்டைக்கெல்லாம் வண்டி அனுப்பக் கட்டாது அண்ணாச்சி" என்றார். அவர் மேல் கோபமில்லை, அவர் கணக்கு அவருக்கு. பக்கத்துப் புஞ்சைக்காரர் மக்காச்சோளம் போட்டிருந்தார். 2018இல் வந்த, மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு இன்னும் விட்டபாடில்லை, மருந்துச் செலவு தனி. ஆனாலும் அதையே போடுகிறார். ஏன்? நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும், வண்டி காட்டுக்கே வருகிறது.

2025-26க்குக் கம்பின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,775 ரூபாய். உற்பத்திச் செலவு 1,703 ரூபாய் என்றும், அதற்கு மேல் 63 சதவீதம் கிடைக்கும் என்றும் மத்திய அரசு கணக்குச் சொல்கிறது. நல்ல விலைதான். அந்த விலைக்கு எடைபோட்டு வாங்க எங்கள் பக்கம் ஒரு தராசு இருந்தால் போதும்.

வழி தெரியாமல் கேட்கவில்லை. 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினீர்கள். அதே ஏற்பாட்டைத் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் கம்புக்குச் செய்து பாருங்கள். கோவில்பட்டிப் பக்கம் விளைந்தது கோவில்பட்டிக் கடைக்கே போகட்டும்.

ஒன்று மட்டும் கவனம்: மாவாக அரைத்துப் பையில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், அரைத்த மாவு சில நாளிலேயே கசந்துவிடும். ஒரு தடவை கசந்த கூழைக் குடித்தவர்கள் அடுத்த மாதம் அந்தப் பையைத் தொடமாட்டார்கள், பழி கம்பு மேல் விழும். முழுத் தானியமாகவே கொடுங்கள். சரி, வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, முறத்தில் புடைத்துத் தவிடு நீக்க என் அம்மாவுக்குத் தெரியும். என் மருமகளிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. நாலைந்து ஊருக்கு ஒரு தோல் நீக்கும் இயந்திரத்தைக் கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் குழுவிடமோ வைத்தால், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் குத்திக்கொண்டு போவார்கள். விதை மானியத்தில் கொஞ்சம் குறைத்துக்கூட இதைச் செய்யலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கொள்முதல் உண்டா இல்லையா என்பதை ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள். உழவு ஓட்டியபின் தெரிந்தால் பிரயோசனமில்லை, அதற்குள் மக்காச்சோள விதை வாங்கியிருப்போம்.

இப்படிக்கு,
கரிசல்காட்டு விவசாயி ஒருவன்